நிலமும் பொழுதும் உடன்வாரா மரம்

அரிய மரமொன்றை வீட்டு முற்றத்தில் நட்டு வளர்த்துப் பார்க்கவேண்டும் என்னும் ஆசை இன்று பெருநகரங்களோடு நின்றுவிடவில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் புதிதாக எழும் வீடுகளின் வாயிலில் தூஜா நிற்கிறது. கிறிஸ்துமஸ் மரம் என்று நர்சரிகளில் விற்கப்படும் அரோகேரியா நிற்கிறது. முன்னது சீனத்து மரம். பின்னது பசிபிக் தீவுகளின் மரம். இவற்றில் சலிப்புற்ற ஆர்வலர் அடுத்து ஒரு கேள்வி கேட்கிறார்: நம் மலைகளுக்கே உரிய கூம்புமரம் ஒன்று உண்டாமே, அதை வீட்டில் வளர்த்தால் என்ன? கேள்வி நியாயமானதுதான். அயல்மரத்தை விட்டு நம் மரத்தை நாடும் மனம் பாராட்டுக்குரியதும்கூட. ஆயினும் இவ்விரு மாவட்டங்களைப் பொறுத்தவரை நாம் சொல்லக்கூடிய விடை ‘வேண்டாம்’ என்பதே. அந்த விடைக்குத் தாவரவியல் மட்டுமன்றி, நாம் நாள்தோறும் படித்தும் படிப்பித்தும் வருகிற திணைக் கோட்பாடும் சான்றாக நிற்கிறது.

முதலில் அந்த மரத்தைத் தெரிந்துகொள்வோம். அதன் பெயர் நிரம்பாலி. தாவரவியலார் நஜேயா வாலிச்சியானா என்பர். பழைய நூல்களில் போடோகார்ப்பஸ் என்னும் பேரினத்தின்கீழ் இதைக் காணலாம். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய நத்தானியேல் வாலிச்சின் பெயரை இது தாங்கியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் கூம்புமரம் இது ஒன்றே. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் நாம் கண்டு மகிழும் பைன் மரங்கள் யாவும் மனிதர் கொண்டுவந்து நட்டவை.

பைனையும் தேவதாருவையும் மனத்தில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறவர் நிரம்பாலியின் அருகிலேயே நின்றாலும் அதை அறியமாட்டார். இதற்கு ஊசியிலை இல்லை. தடித்த, அகன்ற இலை. ஆனால் அந்த இலையில் நடுநரம்பு இராது. மெல்லிய நரம்புகள் பல நீளவாக்கில் இணையாக ஓடும். நாம் எண்ணுகிற வகையிலான கூம்பும் இல்லை. சதைப்பற்றுள்ள காம்பின் நுனியில் ஒற்றை வித்து அமர்ந்திருக்கும். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. வடகிழக்கு இந்தியா, நிக்கோபார், மியான்மர் தொடங்கி நியூகினி வரை இவ்வினம் பரவியிருப்பதால் உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ளதாக இது கருதப்படுவதில்லை. நம் பக்கத்திலோ கதை வேறு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உயர்ந்த ஈரக்காடுகளிலும், கேரளத்து மலைக்காடுகள் சிலவற்றிலும் மட்டுமே, வடகிழக்கில் உள்ள உறவுகளிடமிருந்து முற்றிலும் பிரிந்து, இம்மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது.

அது நிற்கும் இடத்தின் இயல்பைச் சொன்னால்தான் சிக்கல் விளங்கும். பொதிகை மலைத்தொடரில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த பகுதிகள் அவை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே அங்கே நீர் சொரிகின்றன. கோதையாற்றின் மேற்பகுதியிலும் காக்காச்சியிலும் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மழை இல்லாத நாளிலும் முகில் வந்து காட்டின்மேல் படிகிறது. இலைகளும் கிளைகளில் போர்த்திய பாசிகளும் அந்த முகிலிலிருந்து ஈரத்தைச் சீவி எடுக்கின்றன. அது சொட்டுச் சொட்டாக இறங்கி, உதிர்ந்த இலைகள் மக்கிய கரிய மண்ணில் ஊறி, ஓடையாகக் கசிந்து, தாமிரபரணி வற்றாமல் ஓடுவதற்கு ஒரு காரணமாகிறது. முகிற்காடு என்ற பெயர் அலங்காரத்துக்குச் சூட்டப்பட்டதன்று. முகில் அந்தக் காட்டின் வேர்களுக்கு நீரூற்றுகிறது. அதன் இலைகளுக்கு வெயிலை மறைக்கிறது. அந்த நிழலில் முளைத்து, மற்ற மரங்களின் மறைவில் மெல்ல மெல்ல வளர்வது நிரம்பாலியின் வழக்கம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இவ்விரு மாவட்டங்களிலும் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தொடுவதோ தாண்டுவதோ இங்கே செய்தியே அன்று. மண்ணைப் பார்த்தால், பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளை வரவழைத்த சுண்ணாம்புக்கல். இரண்டும் காரத்தன்மை மிக்கவை. இலைமக்கின் புளிப்பு மண்ணில் ஊறிய வேருக்கு இவை உகந்தவையல்ல. ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் ஊற்றினால் சில மாதங்களில் விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டுவதை இவ்வூர் வீடுகளில் எவரும் காணலாம்.

‘பச்சை வலை கட்டி நிழல் தரலாம், தொட்டியில் வேறு மண் நிரப்பலாம், நீர்த்துளி தூவும் குழாய் அமைக்கலாம், குடிநீரைப்போல் வடிகட்டிய நீரையே ஊற்றலாம்’ என்று சொல்பவர் உண்டு. செய்யலாம். ஒரு கன்று சில ஆண்டுகள் பிழைத்திருக்கவும்கூடும். ஆனால் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு ஆழத்துக்குப் போகும் ஊரில், கோடையில் குடங்களை வரிசைப்படுத்தித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்கள் உள்ள ஊரில், ஒரு மரத்துக்காக நாள் முழுதும் செயற்கை முகிலை உண்டாக்குவது எவ்வகையான இயற்கைப் பற்று? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு நம்மால் மேலே செல்ல இயலவில்லை.

தொல்காப்பியத்தின் அகத்திணையியலை நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் ஓரிடத்தில் நிற்பார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய பூவும் புள்ளும் மரமும் விலங்கும் வகுத்த ஆசிரியர், ஒரு நிலத்தின் பூவோ பறவையோ இன்னொரு நிலத்தின் பாட்டில் வந்தாலும் குற்றமில்லை என்றும் விதி செய்திருக்கிறார். தனக்குரிய நிலமும் பொழுதும் கூடவே வராவிட்டாலும், அது வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்பது அவ்விதியின் சாரம். ‘அப்படியானால் வகுத்ததற்குப் பொருள் என்ன?’ என்பது மாணவர் கேள்வி. அது பாட்டின் சலுகை என்பது நாம் சொல்லும் விடை. பாட்டில் பூ ஒரு சொல். சொல் எந்த நிலத்திலும் வேர்பிடிக்கும். குறிஞ்சிப் பூவை மருதத்தில் வைத்துப் பாடினால் வாசகனின் மனம் மலையையும் சேர்த்தே கொண்டுவந்துவிடுகிறது.

செடிக்கு அந்தச் சலுகை இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், செடிகொடிகள் கருப்பொருள் என்றும் நம் இலக்கணம் வரிசைப்படுத்தியது வெறும் வகைப்பாட்டு ஆர்வத்தால் அன்று. முதல் இருந்தால்தான் கரு. நிரம்பாலியைத் தோண்டி எடுத்து வரலாம். பொதிகையின் உயரத்தை எடுத்து வர இயலாது. இரு பருவ மழையை எடுத்து வர இயலாது. முகிலை எவரும் சாக்கில் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறுவதில்லை. நிலமும் பொழுதும் உடன்வாராத மரம் நம் முற்றத்தில் நிற்கும்போது, அது தன் காட்டைப் பிரிந்துவந்த ஒரு சான்றுப்பொருளாகவே நிற்கும். நாம் அதைக் காண்கிறோம். ஆனால் அது எதனால் அதுவாயிற்றோ அதைக் காண்பதில்லை.

தொலைநிலத்தின் பொருளொன்றைத் தன் நிலத்துக்குக் கொண்டுவரும் ஆசை இம்மண்ணுக்குப் புதிதன்று. அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரமே அந்த ஆசையின் பெயர்தான். வடதிசைப் போரில் வென்ற முதலாம் இராசேந்திரன் கங்கை நீரைக் கொணர்ந்து, நீராலான வெற்றித் தூணாகச் சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. ஆனால் குடத்தில் வந்த கங்கையால் ஏரி நிரம்பிவிடவில்லை. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் வந்த கால்வாய்கள் அதை நிரப்பின என்பது வரலாற்றாய்வாளர் கூற்று. பேரரசனாயினும் தொலைநிலத்திலிருந்து கொண்டுவர இயன்றது அடையாளத்தை மட்டுமே. உயிர்களை வாழவைக்கும் நீரை உள்ளூர் நிலமே தரவேண்டியிருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ‘கூம்புமரம் இம்மண்ணுக்கு அந்நியமா? சாத்தனூர்க் கல்மரம் எந்த இனம்?’ என்று கேட்கலாம். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அடிமரத்தை 1940ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமை உடையதாகச் சொல்லப்படும் அந்த மரம், பூக்கும் தாவரங்கள் பெருகுவதற்கு முன் நிலத்தை ஆண்ட கூம்புமர வகுப்பைச் சேர்ந்தது. அன்று இப்பகுதியைக் கடல் கொண்டிருந்தது. நிலத்திலிருந்து அடித்து வரப்பட்ட மரம் கடலடியில் புதைந்து, மரத்தின் கூறுகள் கரைய அவ்விடத்தைக் கனிமம் நிரப்பிக் கல்லாயிற்று. அத்தகைய மரத்தின் தொலைதூர உறவைத் திரும்ப அழைத்து வருவது ஒருவகையில் மீட்டெடுப்பு ஆகாதா என்பது மறுப்பாளர் வாதம்.

கேட்க இனிமையான வாதம். ஆனால் சாத்தனூர் மரம் சொல்லும் செய்தி இதற்கு நேர்மாறானது. அந்த மரம் வளர்ந்த காலத்தில் இந்த நிலம் இங்கே இல்லை. கோண்டுவானாப் பெருநிலத்திலிருந்து பிரிந்துகொண்டிருந்த இந்தியா அப்போது நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே இருந்தது. பின்னர் நிலம் வடக்கே நகர்ந்தது, கடல் பின்வாங்கியது, வெயில் மாறியது, மழை மாறியது. பெயர்ப்பலகையில் ஊர் ஒன்றாக இருக்கலாம்; முதற்பொருள் இரண்டும் மாறிவிட்டன. நிலமும் பொழுதும் மாறும்போது மரம் என்னவாகும் என்பதற்கு அந்தக் கல்மரத்தைவிடத் தெளிவான விடை வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். தோட்டங்கள் சில கூம்புமரங்களையும் அவற்றின் உறவினங்களையும் காப்பாற்றியிருக்கின்றன என்பது உண்மை. கிங்கோ மரம் இன்று உலகெங்கும் நிற்பதற்குச் சீனத்துக் கோயில்களிலும் மடங்களிலும் அதைப் பேணிய மனிதர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கில் 1994ஆம் ஆண்டு டேவிட் நோபிள் என்னும் பூங்கா அலுவலர் கண்டறிந்த வாலமி பைன் இன்னும் பொருத்தமான சான்று. காட்டில் முதிர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. இடத்தை இரகசியமாக வைத்தார்கள். நாற்றுப்பண்ணையில் ஆயிரக்கணக்கில் பெருக்கினார்கள். 2005ஆம் ஆண்டு சிட்னியில் முதற்கன்றுகளை ஏலம் விட்டு, பிறகு பொதுமக்களுக்கும் விற்றார்கள். விரும்புவோர் கடையில் வாங்கலாம் என்றானபின் காட்டுக்குள் திருடப் போகும் தேவை குறையும் என்பது அவர்கள் கணக்கு. 2019-20 காட்டுத்தீயில் அந்தப் பள்ளத்தாக்கின் மரங்களைத் தீயணைப்பாளர்கள் தனிப்பெரும் முயற்சியெடுத்துக் காத்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இந்தச் சான்றுகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் பொதுவாக இருக்கும் கூறுகளை நோக்கவேண்டும். அம்மரங்கள் தத்தம் இயல்புக்கு ஏறத்தாழ ஒத்த தட்பவெப்பத்தில் வளர்க்கப்பட்டன. வாலமி பைன் கன்றுகள் உரிய அனுமதியோடும் அறிவியல் முறையோடும் பெருக்கப்பட்டவை; காட்டிலிருந்து பிடுங்கியவை அல்ல. எண்ணிக்கையும் ஒன்றிரண்டு அன்று. நம் நிலையில் இம்மூன்றுமே இல்லை. புலிகள் காப்பகத்துக்குள் இருந்து கன்றோ வித்தோ அனுமதியின்றி எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். ‘எங்கிருந்து வந்தது’ என்று சொல்ல இயலாத கன்றை வாங்குகிறவர், அதைப் பிடுங்கியவருக்குக் கூலி கொடுப்பவரே ஆவார். தனிமரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் மொழி. ஆண் பெண் வேறாக நிற்கும் நிரம்பாலிக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஒரு முற்றத்தில் ஒற்றையாய் நிற்கும் மரம் வித்திடாது. வீட்டுக்காரரின் பெருமையைத் தவிர வேறொன்றையும் அது அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்போவதில்லை.

மலையூர்களின் நிலை வேறு. குன்னூரின் சிம்ஸ் பூங்கா 1874ஆம் ஆண்டிலிருந்து குளிர்நிலத்து மரங்களைப் பேணிவருகிறது. அத்தகைய உயரத்தில், தாவரவியல் தோட்டங்களின் வழியாக, முறையாகப் பெருக்கப்பட்ட கன்றுகளை வளர்ப்பதை வரவேற்கலாம். நம் கேள்வி சமவெளியின் வெயிலைப் பற்றியது.

இவ்வளவு சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘அரியது எதுவோ அது என் வீட்டில் இருக்கவேண்டும்’ என்ற மனநிலையின் விளைவை இவ்விரு மாவட்டத்து மக்கள் ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள். காரையின் செம்மண் பள்ளங்களிலும் சுண்ணாம்புச் சுரங்கங்களின் ஓரங்களிலும் சிதறிக் கிடக்கும் அம்மோனைட்டுகளும் பிற கடலுயிர்ப் படிவங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உலக அறிவியலின் கவனத்தைப் பெற்றவை. பிளான்ஃபோர்டும் ஸ்டோலிஸ்காவும் இவற்றை ஆராய்ந்து எழுதியவை இன்றும் எடுத்தாளப்படுகின்றன. சுற்றுலாவாக வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். கிடந்த அடுக்கிலிருந்து பெயர்க்கப்பட்ட படிவம் தன் காலத்தைச் சொல்லும் ஆற்றலை இழக்கிறது. அலமாரியில் அது ஓர் அழகிய கல், அவ்வளவே. வாரணவாசியில் ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சென்று பார்ப்பதற்கும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அடுக்கிலிருந்து படிவத்தைப் பெயர்ப்பதும் முகிற்காட்டிலிருந்து மரத்தைப் பெயர்ப்பதும் ஒரே செயலின் இரு வடிவங்கள்.

சரி, அரிய மரம் வளர்க்கும் ஆசையை என்ன செய்வது? ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை; அரியது என்னும் சொல்லைச் சற்றே உள்ளூரில் தேடிப்பார்க்கச் சொல்கிறோம். முல்லைத்திணைப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் காயாவை நேரில் கண்ட தமிழாசிரியர்கள் எத்தனை பேர்? கிளையை ஒட்டி நீலம் பூத்து நிற்கும் அந்தச் சிறுமரம் நம் வறண்ட காடுகளுக்கும் கோயிற்காடுகளுக்கும் உரியது. குருந்து என்று படிக்கிறோம். இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணக்கும் அம்மரத்தைக் காட்டெலுமிச்சை என்று ஆடுமேய்ப்பவர் அறிவார், முதுகலை மாணவர் அறியார். வீரை, உலக்கைப்பாலை, இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கும் உசில், கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இலுப்பை ஆகியவற்றுக்கெல்லாம் நிலமும் பொழுதும் இங்கேயே இருக்கின்றன. வேர்பிடித்தபின் அவை கேட்பது மிகக் குறைவான நீர். ஒரு தெருவில் பத்து வீடுகளில் பத்துக் காயா நின்றால் தேனீக்கும் பறவைக்கும் அது ஒரு சிறு காடு. வீட்டுத் தோட்டம் உண்மையில் காக்கக்கூடிய அரிய மரங்கள் இவைதாம். சாலை அகலப்படுத்தலிலும் சுரங்க விரிவாக்கத்திலும் கண்ணெதிரே இவை குறைந்துகொண்டே வருகின்றன. ஆனால் இவற்றை வளர்ப்பதில் விருந்தினரிடம் காட்டிப் பெருமைப்படும் வாய்ப்பு குறைவு. தடை அங்கேதான் இருக்கிறது என்று எண்ணுகிறோம்.

நிரம்பாலிக்கு நாம் செய்யக்கூடியதும் உண்டு. அதற்கு முகிலும் காடும் தேவை. நம் முற்றம் தேவையில்லை. மலைச்சோலைகளைத் துண்டாடும் திட்டங்கள் வரும்போது சமவெளியில் இருப்பவர்களும் குரல் கொடுக்கலாம். சோலை என்னும் நம் சொல்லையே ஆங்கிலம் ‘ஷோலா’ என்று எடுத்துக்கொண்டு உலகத் தாவரவியலில் நிலைநிறுத்தியிருக்கிறது. அச்சொல் குறிக்கும் காட்டை வகுப்பறையில் பேசாமல் சங்க இலக்கியத்தை நடத்தி முடித்துவிடுகிறோம் என்பது நம்மைப் போன்றோர் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி. கண்ணால் காணாத மரம் ஒன்று, நாம் தொடாத தொலைவில், தனக்குரிய முகிலுக்குள் நின்றுகொண்டிருக்கிறது என்பதை அறிந்து மகிழவும் ஒரு பயிற்சி வேண்டும். நூல்களின் வழியே காணாத நிலங்களை நேசிக்கக் கற்ற இலக்கிய வாசகருக்கு அந்தப் பயிற்சி புதிதாக வரவேண்டியதில்லை.